நாவலடிக் கிணற்றின் கட்டளைத் தளபதி

நாவலடிக் கிணற்றுக்கு ஒரு இராணுவக் கேணலை நியமித்திருக்கிறார்கள் என்று பஞ்சலிங்கம் அண்ணை வந்து சொன்னபோது, மனுசன் வெயிலில் நின்று தலை சுற்றிப்போய் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"கிணத்துக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம், கிணத்துக்குத்தான். போர்ட்டும் போட்டிருக்கிறாங்கள். நம்பாட்டி வந்து பார்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். முட்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைப் பலகை ஒன்று நின்றது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாகவும், மிஞ்சிய இடத்தில் தமிழில் நெருக்கியும் எழுதியிருந்தது: 'நாவலடிக் கிணறு. கட்டளைத் தலைமையகம்.' சுற்றிவர வெள்ளையடித்த கற்கள். கிணற்றுக் கட்டோடு ஒரு சிப்பாய் துவக்குடன் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள்ளேயிருந்து யார் ஏறி வருவார்கள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில், அச்சுவேலிக்கு வடக்கே இருக்கிறது. இருந்தது என்றும் சொல்லலாம். முப்பது வருசத்துக்கு மேலாக அது முழுவதும் இராணுவ முகாம். நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது அடுப்பில் வைத்த சோறு இறக்கவில்லை. போன வருசம் ஒரு துண்டை விடுவித்தார்கள். பந்தல் போட்டு, நாடா வெட்டி, பாண்ட் வாத்தியம் முழக்கி, எங்கள் காணியை எங்களுக்கே பரிசாகத் தந்தார்கள். அதில் பஞ்சலிங்கம் அண்ணையின் தோட்டக் காணி வெளியே வந்தது. என்னுடையது வரவில்லை. தோட்டத்தின் மூலையில் இருக்கிற நாவலடிக் கிணறும் வரவில்லை. புது வேலியை வளைத்துப் போட்டு கிணற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அண்ணை தன் காணியில் நீட்டிப் படுத்துக் கையை விட்டால் கிணற்றுக் கட்டைத் தொடலாம். ஆனால் நடுவில் முட்கம்பி இருந்தது.

அது பங்குக் கிணறு. நாலு பங்கு. காணி உறுதியிலேயே 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்று எழுதியிருக்கும். நாலு நாளைக்கு ஒருக்கால் ஒருவருடைய முறை. அன்றைக்குக் கிணறு அவருடையது. மற்றவன் தாகத்தில் செத்தாலும் கேட்டுத்தான் வாளியைப் போடவேண்டும். ஒரு பங்கு பஞ்சலிங்கம் அண்ணைக்கு, ஒன்று எனக்கு, ஒன்று கனடாவில் இருக்கிற செல்வநாயகத்துக்கு, மற்றது நமசிவாயத்தாருக்கு. நமசிவாயத்தார் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் சுவிசில்.

காணி கிடைத்த கையோடு அண்ணை வெங்காயம் நட்டார். ஆயுள் முழுக்கக் குத்தகைக் காணியில் மாய்ந்த மனுசன். சொந்த மண்ணில் அவர் வைத்த முதல் பயிர் அது. பாரிசில் இருக்கிற மகன் கோபிசங்கர், "காணியை வித்துப்போட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வாங்கோ" என்று கிழமைக்குக் கிழமை தொலைபேசியில் அரித்தான்.

"இந்த ஒரு போகம் பாப்பம் மேனை" என்றார் அண்ணை. "வெங்காயம் வந்தால் நானும் கொம்மாவும் இஞ்சைதான். வராட்டி நீ சொல்லுறபடி."

மாசி பிறந்து மண் காய்ந்தது. தண்ணீர் கட்டவேண்டும். கிணறு உள்ளே. நான் முந்தி குருநாகலில் தபாற்கந்தோரில் வேலை செய்தவன், சிங்களம் தெரியும். "சீவா, வா, ஒருக்கால் போய்க் கேட்டுப் பாப்பம்" என்று என்னை இழுத்துக்கொண்டு முகாமுக்குப் போனார். அப்படித்தான் சீவரத்தினமாகிய நான் ஒரு கிணற்றின் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

கேணல் நல்ல மனுசன். அதைச் சொல்லத்தான் வேண்டும். கதிரை போட்டு, பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தார். சுவரில் கிணற்றின் படம் ஒன்று தொங்கியது. மேலிருந்து பார்த்தால் ஒரு வட்டம், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நீட்டுப் பெட்டி. அம்புக்குறி போட்டு 'தண்ணீர்' என்று குறித்திருந்தார்கள்.

"ஐயா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது" என்று தொடங்கினார் கேணல். "சண்டை முடிந்து எத்தனையோ வருசம். எதிரி இல்லை, ஆனால் படை இருக்கிறது. இப்போது கொழும்பில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்களாம். வேலை இல்லாத முகாமைத்தான் முதலில் மூடுவார்களாம். ஆகவே எல்லா முகாமும் வேலை தேடுகிறது. அடுத்த முகாம்காரர் சலூன் திறந்துவிட்டார்கள். கடற்கரையில் இருக்கிறவர்கள் ஹோட்டல் நடத்துகிறார்கள். இன்னொரு இடத்தில் பேக்கரியும் பாலர் பள்ளியும். நாங்கள் கொஞ்சம் பிந்திவிட்டோம். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், தெய்வாதீனமாக இந்தக் கிணறு வேலிக்குள் வந்து அகப்பட்டது."

நான் தமிழில் சொன்னேன்.

"அகப்பட்டதோ?" என்றார் அண்ணை. "வேலி போட்டது உந்த மனுசன்தானே? கேள்."

தேத்தண்ணி இன்னும் அரைவாசி இருந்தபடியால் அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"நவீன இராணுவம் மக்களின் தேவையை இனங்கண்டு சேவை செய்யவேண்டும்" என்றார் கேணல். "உங்களுக்குத் தேவை ஏதும் இருக்கிறதா?"

"தண்ணி வேணும்."

கேணல் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார். கண்ணில் ஒரு மினுக்கம். "அந்தத் தேவை எவ்வளவு காலம் நீடிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?"

"வெங்காயம் கிண்டுமட்டும்."

மனுசனின் முகம் தொங்கிப்போய்விட்டது. "அதற்குப் பிறகு?"

"பிறகு மிளகாய் வைப்பன்."

"மிகவும் நல்லது!" என்று எழும்பி அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார் கேணல். "தொடர்ச்சியான தேவை!"

பங்கு விசயத்தை அண்ணை விளங்கப்படுத்தினார். கேணல் உடனே பிடித்துக்கொண்டார். மற்ற மூன்று பங்குக்காரரின் காணியும் முகாமுக்குள் கிடப்பதால் அந்த மூன்று பங்கும் தற்காலிகமாக இராணுவத்தின் பொறுப்பு என்றார். என்னுடைய பங்கைப் பற்றி என் வாயாலேயே எனக்கு மொழிபெயர்க்க வைத்தார். முதல் நாள் அதிகாரிகளின் பூந்தோட்டம், இரண்டாம் நாள் கரப்பந்தாட்ட மைதானம், மூன்றாம் நாள் வாகனம் கழுவுதல், நாலாம் நாள் பஞ்சலிங்கம்.

"பரவாயில்லை" என்றார் அண்ணை வெளியே வந்து. "முறை எண்டால் முறைக்கு மதிப்புக் குடுக்கிறாங்கள்."

அந்த நாலாம் நாளைக் காணக் கண் கோடி வேண்டும். அண்ணை தன் மிசினைக் கொண்டுபோனால் அதை வாசல் சென்றிக் காவலரணில் வாங்கி வைத்துவிட்டு, தங்கள் பம்பையே போட்டார்கள். தோட்டத்துக்குள் சிப்பாய்கள் அணிவகுத்து வந்தார்கள். பாத்திக்கு ஒருவர். அண்ணை மண்வெட்டியோடு நின்றார்.

"நீங்கள் சிரமப்படக்கூடாது" என்று லெப்டினன்ட் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். "நீங்கள் பயனாளி."

தோட்டக்காரனுக்குத் தெரியும், ஒரு பாத்தி நிரம்பினால் கண்ணிமைக்கிற நேரத்தில் வாய்க்காலை வெட்டி மற்றப் பாத்திக்கு மாறவேண்டும். இங்கே பாத்தி நிரம்பியது என்று சிப்பாய் கோப்ரலுக்குச் சொன்னான். கோப்ரல் சார்ஜன்டுக்குச் சொன்னார். சார்ஜன்ட் விறைப்பாக நின்று லெப்டினன்டுக்குச் சொன்னார். லெப்டினன்ட் வந்து பார்த்து, நிரம்பியதுதான் என்று உறுதிசெய்து, மாறச் சொல்லிக் கட்டளையிட்டார். அந்தக் கட்டளை சார்ஜன்ட் வழியாகக் கோப்ரலுக்கு இறங்கி, கோப்ரல் வழியாகச் சிப்பாயிடம் வந்து சேர்வதற்குள் வரம்பு உடைந்து தண்ணீர் றோட்டுக்குப் போய்விட்டது. சிப்பாய் அப்போதும் கட்டளையை நிறைவேற்றினான். இல்லாத வரம்பை வெட்டினான்.

"ஐயோ, என்ரை வெங்காயம் மிதக்குது!" என்று அண்ணை பாய்ந்தார்.

"பயனாளி உணர்ச்சிவசப்படுகிறார்" என்று லெப்டினன்ட் என்னிடம் சொன்னார். "படம் எடுக்கலாமா?"

ஆனாலும் வெங்காயம் பிடித்துவிட்டது. அதுதான் அந்த மண்ணின் குணம். தாள் கரும்பச்சையாக எழும்பி நின்றது. அண்ணையின் மனுசி குணலட்சுமி அக்கா ஒவ்வொரு பின்னேரமும் வந்து வரம்பில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பா. ஒன்றும் செய்யமாட்டா. சும்மா பார்ப்பா. "முப்பது வருசம் ஆற்றையோ மண்ணைத்தானே கொத்தினனாங்கள்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னா. "இது விளைஞ்சிட்டால் நான் எங்கையும் போகமாட்டன் சீவா. பாரிசில எனக்கு என்ன கிடக்கு?"

பங்குனி முடியப்போகிற நேரம் பஞ்சலிங்கம் அண்ணை ஒரு பிழை விட்டார். அந்தப் பிழையை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனைத் தவிர உலகத்தில் வேறு ஒருவனும் விடமாட்டான். முப்பது வருசம் ஊரைப் பிடித்து வைத்திருந்த இராணுவத்திடம் போய், பங்குக்காரனுடைய கடமையைக் கேட்டார்.

"கிணறு துப்பரவாக்கிற காலம் வந்திட்டுது" என்றார் என்னிடம். "முக்கால் பங்கு தண்ணி எடுக்கிறவை முக்கால் பங்கு வேலையும் செய்யவேணும். அதுதானே வழமை."

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? உந்தக் கதையை அங்கை எடுக்காதையுங்கோ. பேசாமல் வெங்காயத்தைக் கிண்டுற வழியைப் பாருங்கோ."

"ஏன் எடுக்கக்கூடாது? ஆமி எண்டாப்போலை? பங்கெண்டால் பங்குதான். செல்வநாயகத்திட்டைக் கேக்கேல்லையோ நான்? நமசிவாயத்தாரிட்டைக் கேக்கேல்லையோ? உவையளுக்கு மட்டும் என்ன கொம்போ முளைச்சிருக்கு?"

அவர் பிடித்தால் பிடித்ததுதான். போய்ச் சொன்னோம். எங்கள் ஊரில் கிணறு துப்பரவாக்குவது ஒரு காலைப்பொழுது வேலை. பங்குக்காரர் சேர்ந்து இறைப்பார்கள், அடி தெரியும், ஒருவர் இறங்கிச் சேற்றை அள்ளுவார், மத்தியானத்துக்கு முன் ஏறி வந்து மிசினை நிற்பாட்டிவிட்டு ஊற்றை அதன்பாட்டில் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். அதற்குமேல் இறைத்தால் உப்புத் தண்ணீர் ஊறி உவர் ஏறும். கற்பாறைக்குக் கீழே கடல் படுத்திருக்கிறது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

கேணல் கதையைக் கேட்டுக் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். "நாங்களும் பங்காளிகள்! எங்களுக்கும் கடமை! ஐயா, இத்தனை வருசத்தில் இந்த ஊர் எங்களிடம் கேட்ட முதல் உதவி இது."

'தெளிந்த நீர் நடவடிக்கை' என்று பெயர் வைத்தார்கள். மணலில் மாதிரிக் கிணறு ஒன்று செய்து தடியால் காட்டிக் காட்டி விளக்கம் கொடுத்தார்கள். பொறியியல் பிரிவிலிருந்து லொறி லொறியாகப் பெரிய பம்புகள் வந்தன. வானத்தில் ட்ரோன் பறந்தது. நாலு பேர் சேர்ந்து கையால் அள்ளுகிற சேற்றுக்கு ஒரு பட்டாளமே திரண்டு நின்றது.

முதல் நாள் மத்தியானமே அடி தெரிந்துவிட்டது. கயிற்றில் இறங்கியவர்கள் ஒரு ஓட்டை வாளி, மூன்று சிரட்டை, செல்வநாயகத்தின் மனுசி எப்போதோ தவறவிட்ட செம்பு ஒன்று, இவ்வளவையும் மேலே கொண்டுவந்தார்கள். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு அடுக்கி, 'மீட்கப்பட்ட பொருட்கள்' என்று எழுதி வைத்துப் படம் எடுத்தார்கள். சிரட்டைகளுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள் துவக்கோடு காவலுக்கு நின்றார்கள்.

"சரி, முடிஞ்சுது. இனி மிசினை நிப்பாட்டச் சொல்லு" என்றார் அண்ணை.

பம்புகள் நிற்கவில்லை. கட்டளையில் 'தண்ணீர் முடியும்வரை இறைக்க வேண்டும்' என்று இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் தண்ணீர் எப்படி முடியும்? இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. கேணல் அன்று பின்னேரமே சித்திரைப் புத்தாண்டுக்கு லீவில் ஊருக்குப் போய்விட்டார்.

இரவு பகலாக இறைத்தார்கள். அவ்வளவு தண்ணீரையும் குழாய் போட்டு முகாமின் அந்தப் பக்கத்துப் பள்ளக் கிடங்குக்குள் விட்டார்கள். இந்தப் பக்கம் வெங்காயம் வாடத் தொடங்கியது. அண்ணையின் முறை வந்தது. போனோம். நடவடிக்கை நடக்கும் பகுதிக்குள் பொதுமக்கள் வர முடியாதாம். தண்ணீரும் வெளியே வர முடியாதாம்.

அண்ணை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "டேய், நிப்பாட்டுங்கோடா! உவர் வரப்போகுது! கோதாரியில போவான்களே, கிணறு செத்துப்போம்!" தொண்டை கட்டுமட்டும் கத்தினார். கையில் முள் குத்தி இரத்தம் வடிந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

நான் வேலியோரம் ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்ற லெப்டினன்டிடம் சொன்னேன். பெடியன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஐயா சொல்வது சரியாக இருக்கலாம்" என்றான். "ஆனால் தொடங்கச் சொன்னவர் கேணல். நிறுத்தச் சொல்லவும் கேணல்தான் வேண்டும். அவர் லீவில். அவருக்கு மேலே பிரிகேடியர். பிரிகேடியரும் லீவில். முன்னேறுவதற்கு எங்களுக்கு நல்ல பயிற்சி இருக்கிறது. நிறுத்துகிற விசயத்தில் நாங்கள் எப்போதும் கொஞ்சம் பலவீனம்."

"தண்ணி பழுதாகிறது உமக்குத் தெரியேல்லையோ எண்டு கேள்!" என்றார் அண்ணை.

"தண்ணீரைப் பற்றிய முடிவு லெப்டினன்ட் தரத்துக்கு உரியது அல்ல" என்றான் அவன்.

கேணல் பலகாரங்களோடு திரும்பி வந்தார். பம்புகள் நின்றன. எங்களுக்கும் கொக்கிஸ் ஒரு பொதி தந்தார். அடுத்த நாள் அண்ணையின் முறை. வாயில் வைத்துப் பார்க்க விடுங்கோ என்று அவர் கேட்கக் கேட்க, சிப்பாய்கள் பாத்தி பாத்தியாகத் திறந்துவிட்டார்கள். காய்ந்து கிடந்த வெங்காயம் அந்தத் தண்ணீரை வெறி பிடித்ததுபோலக் குடித்தது.

இரண்டு நாளில் தாள் நுனி வெளுத்தது. பிறகு கருகியது. பிறகு பாத்தி பாத்தியாகச் சரிந்து படுத்தது. குணலட்சுமி அக்கா வாய்க்காலில் தேங்கி நின்ற தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தா. தனி உப்பு. வரம்பில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, செத்த பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவினா. பஞ்சலிங்கம் அண்ணை மட்டும் அழவில்லை. "நான்தான் போய்க் கேட்டனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ரை வாயாலை நான்தான் கேட்டனான்."

அந்தக் கிழமையே கேணல் ஆள் அனுப்பினார். துப்பரவு செய்த கிணற்றை மக்களிடம் கையளிக்கிற விழாவாம். பிரிகேடியர் வருகிறாராம். பயனாளி மேடையில் இருக்கவேண்டுமாம்.

"போகாதையுங்கோ அண்ணை" என்றேன்.

"ஏன்? போகத்தான் வேணும். பங்குக்காரன் நான்." எழும்பிச் சால்வையைப் போட்டார். ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டார்.

பந்தல், வாழை, பாண்ட் வாத்தியம், சலவைக் கல்லில் பிரிகேடியரின் பெயர், எல்லாம் இருந்தது. பிரிகேடியர் பேசினார். நான் ஒலிவாங்கியில் தமிழில் சொன்னேன்.

"அன்பான மக்களே! இராணுவம் என்றால் துவக்கு என்று நினைத்த காலம் போய்விட்டது. இன்று எங்கள் கையில் வாளி இருக்கிறது. சண்டைக் காலத்தில் இந்த ஊரில் எங்களுக்கு எவ்வளவு படை தேவைப்பட்டதோ, இன்று சமாதானத்தைப் பாதுகாக்க அதைவிடக் கூடத் தேவைப்படுகிறது. சிலர் கேட்கிறார்கள், நீங்கள் எப்போது போவீர்கள் என்று. நான் கேட்கிறேன், நாங்கள் போனால் இந்தக் கிணற்றை யார் துப்பரவு செய்வது?"

கைதட்டினார்கள். முன்வரிசை முழுக்கச் சிப்பாய்கள்தான். பிறகு பயனாளியை நன்றி சொல்ல அழைத்தார்கள்.

பஞ்சலிங்கம் அண்ணை கிணற்றடிக்குப் போய், முதலில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஒரு கிளாசில் கோலி எடுத்து, பிரிகேடியருக்கு முன்னால் நீட்டினார்.

"சீவா, வடிவாய்ச் சொல்லு" என்றார். "கிணறு துப்பரவாக்கினால் பங்குக்காரர் எல்லாரும் முதல் தண்ணியைக் குடிக்கிறது எங்கடை வழமை. என்ரை கால் பங்கை நான் குடிச்சிட்டன். என்ரை வெங்காயமும் குடிச்சிட்டுது. மிச்சம் முக்கால் பங்கும் அவையின்ரை. குடிக்கச் சொல்லு."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். கமராக்கள் எல்லாம் கிளாசைப் பார்த்துத் திரும்பின. பிரிகேடியர் சிரித்துக்கொண்டே வாங்கி, ஒரு பெரிய முடறு விழுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் கலங்கியது. முன்னால் ஊர் முழுக்க இருந்தது, பக்கத்தில் பத்திரிகைக்காரர் நின்றார்கள்.

"மிகவும் இனிமையான தண்ணீர்" என்றார்.

அடுத்தது கேணல். பிரிகேடியருக்கு இனித்த தண்ணீர் கேணலுக்குக் கரிக்க முடியாது. குடித்தார். "இளநீர்போல இருக்கிறது, சேர்" என்றார். மேஜர் குடித்து, தன் வாழ்நாளில் இப்படி ஒன்று குடித்ததில்லை என்றார். அதில் அவர் பொய் சொல்லவில்லை. லெப்டினன்ட், சார்ஜன்ட், கோப்ரல் என்று கிளாஸ் படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் இனிப்புக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கிணற்றுக்குக் காவல் நின்ற சிப்பாய்க்கு வந்தது. அவன் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா" என்று கேட்டுவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் ஓடினான். அவன் சத்தியெடுத்த சத்தத்தைப் பாண்ட் வாத்தியம் நல்லவேளையாக மூடிவிட்டது.

பிரிகேடியர் திரும்பவும் ஒலிவாங்கியைப் பிடித்தார். குரல் கொஞ்சம் கட்டியிருந்தது.

"இவ்வளவு சிறந்த தண்ணீரை நான் எதிர்பார்க்கவில்லை. இது நாட்டின் சொத்து. இப்படியான ஒன்றைப் பாதுகாப்பில்லாமல் விட்டுவிட்டுப் போவது பொறுப்பற்ற செயல். ஆகவே கையளிப்பு ஒத்திவைக்கப்படுகிறது. கிணற்றைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் விரிவாக்கப்படும். இன்றுமுதல் இந்த முகாமில் இந்தத் தண்ணீர் மட்டுமே பாவிக்கப்படும்."

விடிய வேலி நகர்ந்தது. கருகிய வெங்காயத்தோடு அண்ணையின் தோட்டம் முழுக்கத் திரும்ப உள்ளே போனது. பயிர் ஏன் செத்தது என்ற கேள்விக்கும் பதில் வந்தது. தண்ணீர் இனிமையானது என்று பிரிகேடியர் உறுதிசெய்துவிட்டபடியால், பயனாளியின் கவனயீனமே காரணமாம்.

இரவு கோபிசங்கர் தொலைபேசி எடுத்தான். "அப்பா, இனியாவது வித்துப்போட்டு வாங்கோ."

"எதை மேனை விக்கிறது?" என்றார் அண்ணை. "வாங்கிறவன் சென்றியிலை பாஸ் எடுத்துக்கொண்டெல்லோ போய்ப் பாக்கவேணும்." பிறகு சொன்னார். "உங்கை வாறன் எண்டு சொன்னனான்தான். ஆனால் இப்ப வந்தால் அவங்கள் துரத்தி வந்ததாய்ப் போயிடும். பொறு. என்ரை முறை இன்னும் இருக்கு."

கேணல் சட்டம் தெரிந்த மனுசன். பங்கு பங்குதான் என்று அண்ணையிடமே படித்தவர். நாலாம் நாள் முகாம் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் அண்ணைக்காக ஆயத்தமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? அண்ணை சுற்றுமுற்றும் பார்த்தார். முகாம் வாசலில், வெள்ளைக் கற்களுக்கு நடுவில், இராணுவத்தின் பெருமைக்குரிய பூந்தோட்டம் இருந்தது. செவ்வந்தி, ஜீனியா, புல்வெளி எல்லாம். அண்ணை ஒரு கானைத் தூக்கி அதற்குள் மெதுவாக, வேர் வேராகப் பார்த்து ஊற்றினார். மற்றதையும் ஊற்றினார். சென்றியில் நின்றவன் சலூட் அடித்தான்.

அடுத்த முறையும் ஊற்றினார். 'நன்றியுள்ள விவசாயி முகாமின் பூங்காவைப் பராமரிக்கிறார்' என்று படத்தோடு செய்தி வந்தது. அதற்கடுத்த முறையும் ஊற்றினார். செவ்வந்தி சுருண்டது. புல் மஞ்சளாகிப் பழுப்பாகியது. முகாமுக்குள்ளே அதிகாரிகளின் பூந்தோட்டமும் தன்பாட்டில் கருகிக்கொண்டிருந்தது. அதற்கும் அந்த இனிமையான தண்ணீர்தானே. விசாரணைக்கு ஒரு மேஜரை நியமித்தார்கள். நாசவேலை, பூச்சி, வெளிநாட்டுச் சதி எல்லாவற்றையும் ஆராய்ந்தார். தண்ணீரை மட்டும் ஆராய முடியவில்லை. அதைப் பிரிகேடியர் குடித்துவிட்டார்.

ஒருநாள் கேணல் எங்களைக் கூப்பிட்டார். மெலிந்து போயிருந்தார். உதடு வெடித்திருந்தது. மேசையில் இருந்த தேத்தண்ணியை அவரும் தொடவில்லை, நாங்களும் தொடவில்லை.

"ஐயா, அடுத்த கிழமை கொழும்பிலிருந்து குழு வருகிறது" என்றார். "எந்த முகாமை வைத்திருப்பது, எதை மூடுவது என்று முடிவெடுக்கப் போகிறார்கள். வாசலில் ஒரு பூகூட இல்லை. நீங்கள் அனுபவமுள்ள விவசாயி. இதற்கு என்ன செய்யலாம்?"

பஞ்சலிங்கம் அண்ணை வாசலுக்கு வந்து குந்தியிருந்தார். மண்ணைக் கையால் கிண்டி, கட்டியை உடைத்து, வெளுத்துப் பூத்திருந்த உப்பை விரலில் எடுத்துப் பார்த்தார். அவருடைய வெங்காயப் பாத்தியும் கடைசியில் அப்படித்தான் பூத்துக் கிடந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

"தண்ணி காணாது எண்டு சொல்லு" என்றார். "என்ரை கால் பங்கு எந்த மூலைக்கு? அவையின்ரை முக்கால் பங்கையும் சேத்து இரவு பகலாய் இறைச்சு விடச் சொல்லு."

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கேணல் நன்றியோடு தலையாட்டி எழுதிக்கொண்டார். அன்று பின்னேரமே பெரிய பம்புகள் திரும்பி வந்தன.